குளத்துக்கு வராத கானாங்கோழி

“எல்லாம் செஞ்சு பாத்தாச்சு மேடம். அது மட்டும் வரமாட்டேங்கு.”

விலங்கியல் துறை வாசலில் வந்து நின்று இப்படிச் சொன்னவள் ஜெபமலர். மூன்றாம் ஆண்டு மாணவி. கல்லூரிப் பசுமை மன்றத்தின் தலைவி.

விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த இசக்கியம்மாள் மேடம் நிமிர்ந்தார். வகுப்பிலேயே அளந்துதான் பேசுவார். பாடம் சீக்கிரம் முடிந்துவிடும் என்பதால் பிள்ளைகளுக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

“எது வரல?”

“கானாங்கோழி.”

கல்லூரிக்குப் பின்பக்கம் ஒரு குளம் உண்டு. விடுதிக்கு வந்த புதிதில் ஜெபமலர் வீட்டை நினைத்து அழுதுகொண்டே கிடப்பாள். அப்போது குளத்துச் சம்பங்கோரைக்குள்ளிருந்து ‘க்வாக், க்வாக்’ என்று ஒரு குரல் விடாமல் கத்தும். நம்மைவிட பலமாக ஒப்பாரி வைக்க ஒரு ஆள் இருக்கிறதே என்று அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். அந்தக் குரல் இல்லாவிட்டால் அவள் அப்போதே பெட்டியைக் கட்டியிருப்பாள்.

குரலுக்குரிய ஆளை முழுதாகப் பார்த்ததில்லை. கோரைக்குள் ஒரு வெள்ளை நெஞ்சு தெரியும். உடனே மறைந்துவிடும்.

அடுத்த வருஷம் குளத்தில் பிளாஸ்டிக் பைகள் சேர்ந்தன. குரல் நின்றுபோனது. அவள்தான் ஊரைக் கூட்டிப் பசுமை மன்றத்தை ஆரம்பித்தாள்.

“குப்பையெல்லாம் அள்ளிட்டோம் மேடம். கோரையப் புடுங்கிட்டு, கரையில கல்லு பதிச்சு, சுத்தி கம்பி வேலியும் கதவும் வச்சு, லைட்டு போட்டோம். யாரும் அதத் தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு காலையும் சாயங்காலமும் ஆள் மாத்தி ஆள் காவல் நிக்கோம்.”

குளத்தைப் பார்க்க வராத ஆள் இல்லை. கலெக்டர் வந்தார். பக்கத்துக் கல்லூரிக்காரர்கள் பஸ் பிடித்து வந்தார்கள். யூடியூப்காரர்கள் வந்தார்கள். யாருக்காக இத்தனை தடபுடலோ, அந்த ஆளைத்தான் காணோம்.

“பரீட்சை முடிஞ்சா நான் கெளம்பிருவேன் மேடம். அதுக்குள்ள ஒரு தடவயாவது பாத்துரணும்.”



மேடம் பேனாவை மூடினார்.

“வா.”

குளக்கரையில் பச்சை டி-ஷர்ட் போட்ட மாணவிகள் நின்றிருந்தார்கள். இரண்டாம் ஆண்டு முபீனாவின் கழுத்தில் ஒரு விசில். சத்தம் போடுகிறவர்களை விசிலடித்து அடக்குவதற்காம்.

மேடம் போய் விளக்குகளை அணைத்தார்.

“எல்லாரையும் போகச் சொல்லு.”

ஜெபமலர் சொன்னாள். எல்லாரும் போனார்கள்.

மேடம் தண்ணீரைப் பார்த்தபடி நின்றார்.

“இன்னும் ஆள் இருக்கே.”

ஜெபமலர் சுற்றிலும் பார்த்தாள். கரையில் ஈ காக்கை இல்லை.

“யாரும் இல்லையே மேடம். நாம ரெண்டு பேருதான்.”

“நான் போறேன்,” என்றார் மேடம். சொன்னபடியே நடந்தும் விட்டார்.

ஜெபமலர் கொஞ்ச நேரம் நின்ற இடத்திலேயே நின்றாள். பிறகு பின்னாலேயே ஓடினாள். மேடம் கம்பிக் கதவைத் தாண்டி வெளியே காத்திருந்தார்.

“நான் அதுக்கு என்ன கெடுதல் செஞ்சேன் மேடம்? அதுக்காகத்தான இவ்வளவும் செஞ்சேன்!”

“அது வரணுமா? நீ அதப் பாக்கணுமா?”

“ரெண்டுந்தான் மேடம்.”

அழுதுவிட்டாள்.

மேடம் கதவில் சும்மா தொங்கிக்கொண்டிருந்த பூட்டைக் கழற்றி அவளிடம் நீட்டினார்.

ஜெபமலரே பூட்டினாள்.

பரீட்சை முடிந்தது. ஊருக்குக் கிளம்பும் அன்று அந்தக் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பதித்த கற்களின் இடுக்கில் அங்கங்கே கோரை முளைத்திருந்தது. குரல் மட்டும் இல்லை. சாவியை முபீனாவிடம் கொடுத்துவிட்டு ரயிலேறினாள்.

ஓசூரில் வேலை கிடைத்தது. ஊரும் புதிது, மனுஷரும் புதிது. யாரோடும் இன்னும் ஒட்டவில்லை. ஐப்பசி மழை பிடித்த ஒரு சாயங்காலம், பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது போன் வந்தது.

“அக்கா! கத்துதுக்கா! கோரை ஆள் உசரத்துக்கு வளந்து கெடக்கு. அதுக்குள்ள இருந்துதான் கத்துது!” முபீனாவுக்கு மூச்சு வாங்கியது. “நீங்க பாக்காமலே போயிட்டீங்கள்ளா. பூட்டத் தொறந்து உள்ள போயி ஒரு வீடியோ எடுத்து அனுப்பட்டுமாக்கா?”

ஜெபமலருக்கு அந்த வெள்ளை நெஞ்சை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும் போலிருந்தது. அவள் ஏற வேண்டிய பஸ் வந்து நின்று, கிளம்பியும் போய்விட்டது.

“அக்கா? சாவி கையிலதான் வச்சிருக்கேன்.”

“தொறக்காதட்டி,” என்றாள் ஜெபமலர். “அங்கனயே வெளிய நின்னு, போன மட்டும் கொஞ்ச நேரம் தூக்கிப் பிடி.”