பனிச்சரிவுல ஒரு அழுக்குக் கோடு

"ஆமா, படத்துல இருந்த கோட்டை அழிச்சேன். அதுக்கு இப்ப என்னங்கறீங்க சபேசன் சார்?"

ஜெபமலர் முள்கரண்டியைத் தட்டுல போட்ட சத்தத்துல கப்பலோட சாப்பாட்டு ரூமே திரும்பிப் பாத்துச்சு.

"என்னது, ஏமாத்து வேலையா? நாக்கை அடக்கிப் பேசுங்க. இல்லாத மலையையா கொண்டாந்து ஒட்டினேன்? இருந்த அழுக்கைத் துடைச்சேன். கறை எடுக்கிறதுதான் சார் என் பொழப்பு. நாகர்கோவில்ல எங்கிட்ட வந்து ஈன்னு காட்டின எவனாவது, கறை எடுத்தப்புறம் 'இது என் பல்லே இல்ல'ன்னு சண்டைக்கு வந்திருக்கானா?"

யாரோ களுக்குன்னு சிரிச்சாங்க. சபேசன் சார் விடலை, மறுபடி ஏதோ சொன்னாரு.

"பக்கத்துல நின்னு பாத்தீங்களா? சந்தோஷம். அப்ப அந்தக் கோடு எவ்வளவு அசிங்கமா இருந்துச்சுன்னும் பாத்திருப்பீங்களே! நமக்கு முன்னால வந்த கப்பல்காரன் பூட்ஸோட மிதிச்சு வச்ச அழுக்கு. அதை நான் ஏன் சார் சுமக்கணும்?"

தென்துருவத்துக் கடல்ல, ஒரு சின்ன வளைகுடாவுல நின்னுச்சு அந்தக் குட்டிக் கப்பல். அதுல வந்திருந்தவங்க எல்லாம் நஸ்ரின்கிட்ட பனியைப் படம் பிடிக்கக் கத்துக்க வந்த நம்ம ஊர்க்காரங்க. நஸ்ரினுக்கு முப்பது வயசு இருந்தா ஜாஸ்தி. ஜெபமலருக்கு ஐம்பதாகப் போகுது. இவ அவளை 'டீச்சர்'ம்பா, அவ இவளை 'அக்கா'ம்பா.

தினமும் சாயங்காலம் ஆளுக்கு ஒரு படம் திரையில போடணும். எல்லாத்துலயும் நல்லதா ஒண்ணை நஸ்ரின் எடுப்பா. அது மதுரையில நடக்கப்போற கண்காட்சியோட வாசல் சுவர்ல, ஆள் உயரத்துக்குத் தொங்கும். கப்பல் ஏறின நாள்லேர்ந்து ஜெபமலருக்கு அந்தச் சுவர் மேலதான் கண்ணு. அன்னிக்கு அவ போட்ட படம், கறுப்புக் கடலுக்கு மேல தும்பைப்பூ மாதிரி ஒரு வெள்ளைச் சரிவு. பாத்தவங்க வாயடைச்சுப் போயிட்டாங்க, சபேசன் சாரைத் தவிர.

"டீச்சர், நீங்களே சொல்லுங்க. இல்லாததைச் சேர்க்கக் கூடாது, அதானே உங்க விதி? எடுக்கக் கூடாதுன்னு சொன்னீங்களா?"

நஸ்ரின் அவிச்ச உருளைக்கிழங்கு மேல மாங்கா ஊறுகாயைத் தடவிக்கிட்டிருந்தா.

"சொல்லலைதான்."

"அப்ப என் படம் செல்லுமா, செல்லாதா?"

"காலையில மறுபடி அங்கதான் இறங்கப் போறோம்க்கா. பாப்போம்."

"இது ஒரு பதிலா?"

"ஊறுகாய் வேணுமா?"

ராத்திரி பனி கொட்டித் தீர்த்துச்சு.

காலையில ரப்பர் படகுல போய் இறங்கினா, மூக்கு இருக்கா இல்லையான்னு தொட்டுப் பாத்துக்கணும், அப்படி ஒரு குளிர். ஜெபமலர் தலை நிமிர்ந்து சரிவைப் பாத்தா. அந்தக் கோட்டைக் காணோம். மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரே வெள்ளை.

"பாத்தீங்களா டீச்சர்? ஆண்டவரே என் கட்சி! ராவோட ராவா அவரே அழிச்சுட்டாரு. இப்ப அவரை ஏமாத்துக்காரர்னு சொல்லச் சொல்லுங்க சபேசன் சாரை!"

கேமராவை அது போக்குல விட்டா வெள்ளைப் பனியைச் சாம்பல் நிறமா காட்டிடும்னு நஸ்ரின் சொல்லிக் குடுத்திருந்தா. அதனால வெளிச்சத்தை ஒரு படி ஏத்தி வச்சு, நேத்து நின்ன அதே இடத்துல நின்னு, எடுத்தா. நேத்து கம்ப்யூட்டர்ல உக்காந்து பண்ணினது, இன்னிக்கு அச்சு அசலா அப்படியே விழுந்துச்சு.

"முடிஞ்சிருச்சு டீச்சர்."

"சரிக்கா." நஸ்ரின் ஒரு பாறையில போய் உக்காந்துட்டா.

ஜெபமலர் பையை மூடப் போனப்ப, கடல்லேர்ந்து ஒரு பெங்குவின் துள்ளிக் கரையில விழுந்துச்சு. பின்னாலயே இன்னொண்ணு. அப்புறம் ஒரு கும்பல். முதல்ல வந்தது சரிவோட அடிவாரத்துல போய் நின்னு மேல பாத்துச்சு. மத்ததெல்லாம் அது முதுகுக்குப் பின்னால ரேஷன் கடை வாசல் மாதிரி நெருக்கியடிச்சுக்கிட்டு நின்னுச்சுங்க.

"ஏன் நிக்குது? போயேன்!"

அது காலை வச்சுச்சு. நெஞ்சு வரைக்கும் புதைஞ்சுச்சு. எழுந்து, வயித்தாலயே பனியைத் தள்ளி, சறுக்கி விழுந்து, மறுபடி எழுந்துச்சு. பின்னால வந்தது அது போன பள்ளத்துலயே காலை வச்சுச்சு. அதுக்குப் பின்னால வந்ததும் அப்படியே. கரையில கிடந்த சேறும் எச்சமும் அப்பின காலுங்க. வெள்ளையில பழுப்பா ஒரு கோடு, நேத்து இருந்த அதே இடத்துல, கொஞ்சம் கொஞ்சமா மேல ஏறுச்சு.

"டீச்சர், பக்கத்துல இவ்வளவு இடம் சும்மா கிடக்கு. எல்லாம் இது வழியாவே போகணும்னு என்ன?"

"அது அதுங்களோட தெருக்கா. மேல வீடு இருக்கு."

"அப்ப நேத்து இருந்த அழுக்கு…"

"தெருன்னா அழுக்கு இருக்காதா?"

ஜெபமலர் பையைத் திறந்து, நீள லென்ஸை மாட்டி, தரையில முட்டி போட்டுட்டா.

முதல் பெங்குவின் உச்சியில பாறை இடுக்குக்குப் போய்ச் சேர்ந்துச்சு. சாம்பல் உருண்டை மாதிரி ஒரு குஞ்சு ஓடி வந்துச்சு. தாய் வாயைத் திறக்க, குஞ்சு தலையையே உள்ள விட்டுச்சு.

"அடேயப்பா! எப்படித் திறக்குது பாருங்க டீச்சர்! இருபது வருஷமா 'ஆ காட்டுங்க, ஆ காட்டுங்க'ன்னு கத்தறேன், ஒருத்தன் இப்படிக் காட்டியிருப்பானா?"

படகுக்காரர் கூப்பிட்டாரு. அவ காதுல விழலை. மறுபடி கூப்பிட்டாரு. "வரேன், வரேன்"னா, எழுந்திருக்கலை. கடைசியா வந்து ஏறினப்ப பேன்ட் முட்டியெல்லாம் எச்சம். மீன் நாத்தம் குடலைப் புடுங்குச்சு. சபேசன் சார் மூக்கைப் பொத்திக்கிட்டு அந்தப் பக்கம் நகர்ந்துட்டாரு. கப்பல் வாசல்ல நிக்க வச்சு பூட்ஸைத் தேய்க்கச் சொன்னாங்க. பிரஷ்ஷைப் போட்டுத் தேய்ச்சுக்கிட்டே அவ தனக்குத்தானே சிரிச்சுக்கிட்டா.

ஆனா சாயங்காலம் சண்டையை மறக்கலை. திரையில ரெண்டு படத்தைப் பக்கத்துல பக்கத்துல போட்டு, இடுப்புல கை வச்சு நின்னா.

"இடது பக்கம் நேத்து நான் அழிச்சது. வலது பக்கம் இன்னிக்கு ஒரு துளி தொடாதது. ரெண்டுலயும் அதே மலை, அதே கடல், அதே வெள்ளை. ஒண்ணு பொய்யாம், ஒண்ணு நிஜமாம். என்ன வித்தியாசம் டீச்சர்? எங்கிட்ட தனியா வந்து நைசா சொல்ற வேலை வேணாம். எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

நஸ்ரின் எழுந்து வந்து, ரெண்டையும் நல்லா பாத்தா.

"ஒரு வித்தியாசமும் இல்லக்கா."

சபேசன் சார் பாதி எழுந்தாரு, அப்புறம் உக்காந்துட்டாரு.

"அப்ப வாசல் சுவர்?"

"வலது பக்கத்துப் படத்தைத் தாராளமா மாட்டலாம். யாரும் ஒரு குத்தம் சொல்ல முடியாது."

எல்லாரும் கை தட்டினாங்க. ஜெபமலர் சபேசன் சார் பக்கம் திரும்பி ஒரு பார்வை பாத்தா பாருங்க, பல்லே பிடுங்கிடும் போல.

நஸ்ரின் இன்னும் நின்னுக்கிட்டேதான் இருந்தா.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்க்கா. வேணும்கிற படம் இறங்கின கையோட கிடைச்சிருச்சு. அதுக்கப்புறம் படகுக்காரர் தொண்டை கிழியக் கத்தியும் வராம, எச்சத்துல முட்டி போட்டு, விரல் விறைக்க விறைக்க எதை எடுத்துக்கிட்டிருந்தீங்க? எங்கிட்ட தனியா வேணாம். எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."