நாலாவது பெட்டி

மோப்ப நாய்ப் பயிற்சிப் பள்ளியில் தங்கப்பழம் என்றொரு பயிற்சியாளர் இருந்தார். பேச்சு குறைவு. கேள்வி கேட்டால் எரிந்து விழுவார்.

அவரிடம் பயிற்சிக்கு வந்த காவலர் ஜெபமணிக்கோ வாயெல்லாம் கேள்வி.

"ஏழு குட்டியில மைனாவை மட்டும் எடுத்தீங்களே, ஏன் ஐயா?" என்று முதல் நாளே கேட்டாள்.

"தட்டைத் தூக்கித் தரையில போட்டேன். எல்லாம் ஓடிச்சு. இது மட்டும் திரும்பி வந்து தட்டை மோந்து பாத்துச்சு. போதுமா?"

அது நடந்து பத்து மாதம். மைனா இப்போது வெடிமருந்து தேடும் நாய். மறுநாள் இறுதித் தேர்வு. தவறினால் படையில் இடமில்லை, யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். ஜெபமணிக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

தங்கப்பழம் பத்து மரப்பெட்டிகளை வரிசையாக வைத்தார்.

"மருந்துப் பொட்டலம் நாலாவதுல இருக்கு. கூட்டிட்டுப் போ."

ஜெபமணி வாரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நாலாவது பெட்டியருகே மைனா உட்கார்ந்தது. உட்கார்ந்தால், கண்டுபிடித்தாயிற்று என்று அர்த்தம்.

"பாத்தீங்களா ஐயா, எம் பொண்ணை!" பையிலிருந்து பந்தை எடுத்தாள். கண்டுபிடித்த நாய்க்குப் பந்துதான் பரிசு.

"பந்தை உள்ள வை. பெட்டியைத் திற."

காலி.

"நாலுன்னு நீங்கதானே ஐயா சொன்னீங்க?"

"உங்கிட்ட சொன்னேன். நாய்கிட்ட சொல்லலையே."

"அப்ப அதுக்கு யாரு சொன்னது?"

அவர் மைனாவை ஓரமாக விட்டுவிட்டு, வெறும் வாரைப் பிடித்தபடி அவளைப் போலவே நடந்து காட்டினார். மூன்று பெட்டி வரை ஒரே நடை. நாலாவதருகே கால் தயங்கியது. வார் தொய்ந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பெட்டியையே பார்த்தார்.

ஜெபமணியின் முகம் சுண்டிப்போனது.

"இவ தேறமாட்டாளா ஐயா?"

"அவளுக்கென்ன கேடு? நீ வெளிய போ. கூப்பிட்டா வா."

திரும்பி வந்தபோது பெட்டிகள் இடம் மாறியிருந்தன.

"இப்ப எதுல வச்சிருக்கீங்க ஐயா?"

"அது தெரிஞ்சா நாய் எதுக்கு?"

நடந்தாள். நாலாவது பெட்டி வந்ததும் மைனா நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தது. அங்கே ஒன்றும் இல்லை. அவளுக்கே தெரியாதே. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூக்கைத் தாழ்த்திக்கொண்டு மேலே போனது.

எட்டாவது பெட்டியைத் தாண்டியது. நின்றது. திரும்பி வந்து இடுக்கில் மூக்கை நுழைத்தது. உட்கார்ந்தது. இந்தத் தடவை அவளைப் பார்க்கவேயில்லை.

ஜெபமணி பந்தை எடுத்தாள். கொடுக்கவில்லை. மெல்லத் திரும்பித் தங்கப்பழத்தைப் பார்த்தாள்.

"எம் மூஞ்சியில என்ன தேடுற?" என்றார் அவர். "அதான் நாய் உக்காந்திருச்சே."