தீர்ப்பு வராத துறைமுகம்

குதிரைகளை ஓட்டிக்கொண்டு போயே விட்டார்கள்.

கேளுங்கள், கடல் இன்னும் ஊருக்குக் கிட்டத்தில் இருந்த காலம் அது. துறைமுகத்தில் வழக்குக் கேட்டுத் தீர்ப்புச் சொல்வது சேந்தனின் வேலை. புயலில் தரைதட்டிய கப்பலிலிருந்து குதிரைகள் நீந்தி வந்ததைப் பார்த்தான். அரசனின் மைத்துனன் ஆட்கள் அவற்றைப் பிடித்துப் போனதையும் பார்த்தான். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். பயம். வேறொன்றும் இல்லை.

குதிரைகள் தாவூதுடையவை. அயல்நாட்டு வணிகன். அந்தக் கரையிலேயே கப்பல் கட்டும் துறை அமைக்கப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தான். ஊரில் பாதி வயிறு அந்தப் பள்ளத்தை நம்பித்தான் இருந்தது.

முதலில் தாவூத் வந்தான். “ஐயா, கரை ஒதுங்கிய சரக்கு, கப்பல்காரனுக்கே சொந்தம் என்று அரசர் பறையறைவித்தார். அரசருக்கே என்கிறார் மைத்துனர். எது சரி?”

“விசாரிக்கிறேன்” என்றான் சேந்தன்.

பிறகு தச்சர்கள் வந்தார்கள். “சீக்கிரம் சொல்லுங்கள் ஐயா, அவர் மரம் இறக்குவதை நிறுத்திவிட்டார்.”

“விசாரிக்கிறேன்.”

கடைசியாக மண் சுமக்கும் நீலி வந்தாள். “ஊரே பார்த்ததை என்னத்த விசாரிக்கிறீர்? குதிரை வந்து சாட்சி சொல்லணுமா? வாயில் என்ன, கொழுக்கட்டையா?”

கூட்டம் சிரித்தது. சேந்தனுக்கும் சிரிப்பு வரப் பார்த்தது. அதற்குள் மைத்துனன் முகம் நினைவுக்கு வந்துவிட்டது.

“விசாரிக்கிறேன்.”

தாவூத் ஊரைவிட்டுப் போக வேறொரு கப்பலில் பாய் விரித்தான். சேந்தன் மூச்சிரைக்கக் கரைக்கு ஓடினான். “கொஞ்சம் பொறும்! குதிரைகளை எப்படியாவது வாங்கித் தருகிறேன்.”

“குதிரை போனால் போகட்டும். நீங்கள் எனக்கு எதிராகவே தீர்ப்புச் சொல்லியிருந்தாலும் இருந்திருப்பேன், ஐயா. இந்த ஊரில் எது செல்லும், எது செல்லாது என்றாவது தெரிந்திருக்கும். ஒன்றுமே தெரியாத மண்ணில் என் பிள்ளைகளின் சோற்றைக் கொண்டுவந்து கொட்டச் சொல்கிறீர்களா?”

போய்விட்டான். அவன் சொன்னதைக் கேட்ட மற்ற கப்பல்களும் நிற்காமல் போயின. பள்ளத்தில் கடல்நீர் புகுந்தது. தச்சர்கள் போனார்கள். நீலி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேறு நாட்டுக்கு நடந்தாள், திரும்பவே இல்லை. ஆளில்லாத தெருவில் மைத்துனன் மட்டும் சவாரி போனான்.

நீதி சொல்ல வேண்டியவன் வாய் மூடினால், அயலான் போட்ட முதலும் நிற்காது, உள்ளூர்க்காரன் பிழைப்பும் நிற்காது.

சேந்தனை அந்த நீதி இருக்கையில் உட்கார வைத்த அன்று அரசன் அவனிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: யாராக இருந்தாலும் தீர்ப்பைச் சொல்லிவிடு.

அவன் சொல்லவில்லை.