வைரமணியின் இருபது தவணை

குருவைத் தேடிக் காடு மேடெல்லாம் அலைந்தவர்களைப் பற்றிக் கேட்டிருக்கிறோம். நானும் வைரமணியும் எங்கள் குருவுக்கு ஆளுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் கட்டி ரசீது வாங்கிக்கொண்டோம்.

திருச்சி ஜங்ஷன் பக்கத்தில் ஒரு டிரைவிங் ஸ்கூல். கல்லூரிப் பெண்களுக்குப் பாதிக் கட்டணம் என்று போர்டு வைத்திருந்தார்கள். ஞாயிறு காலை வகுப்பு, முப்பது ஞாயிறு. கற்றுத்தந்தவர் பெயர் ஜெசிந்தா. முப்பத்து நான்கு வயதுதான் இருக்கும். ஆணோ பெண்ணோ, கார் ஓட்டக் கற்றுத்தருகிறவரை எங்கள் ஊரில் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம்.

ஒருத்தி ஓட்டும்போது இன்னொருத்தி பின் சீட்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். இப்போது என்னிடம் சொந்தக் கார் இருக்கிறது. கியரைக்கூட அதுவே மாற்றிக்கொள்கிறது. ஆனாலும் அந்த வெள்ளை வண்டியின் கிழிந்த பின் சீட்டில் உட்கார்ந்து, வைரமணி திட்டு வாங்குவதை ரசித்துக்கொண்டே போன அந்தக் காலைகள் மாதிரி எனக்கு அப்புறம் வாய்க்கவில்லை.

வைரமணிக்கு லால்குடிப் பக்கம் ஊர். அப்பா இல்லை. அம்மா தனக்கோடி அந்த ஊர் மகளிர் குழுவின் தலைவி. பதினாறு பெண்கள். ஒன்பது வருடத்தில் ஒரு தவணைகூடத் தவறியதில்லை. இதைச் சொல்லும்போதெல்லாம் வைரமணியின் கழுத்து கொஞ்சம் நிமிரும்.

நாங்கள் அப்போது டிகிரி இரண்டாம் வருடம். அவள் ப்ளஸ் ஒன் படிக்கும்போதிருந்தே சின்னப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்து, இருபத்தைந்தாயிரம் ரூபாய் சேர்த்து வங்கியில் டெபாசிட் போட்டிருந்தாள். டிகிரி முடிந்ததும் எம்.சி.ஏ. சேர அந்தப் பணம்தான். அது போனால் எம்.சி.ஏ.வும் போச்சு.

மூன்றாவது ஞாயிறு என்று நினைவு. டீக்கடையில் நின்றபோது பையிலிருந்து மூன்று காகிதங்களை எடுத்து கார் பானட்டின் மேல் பரப்பினாள்.

"மாஸ்டர், படிப்புக்கு ஒரு பழைய லேப்டாப்பாவது வேணும். கையில மொத்தமா பணமில்ல. கிரெடிட் கார்டு எடுக்கலாம்னு இருக்கேன். இதுல எது நல்லது?"

மாஸ்டர் காகிதங்களைத் தொடவில்லை. டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"நீயே சொல்லு. எதுல என்ன இருக்கு?"

"இது காலேஜ் வாசல்ல ஸ்டால் போட்டிருந்தாங்க. தங்கக் கலரு. ஏர்போர்ட்ல சாப்பாடு ஃப்ரீ."

"எந்த ஊருக்குப் பறக்கப் போற?"

நான் சிரித்துவிட்டேன். வைரமணி என்னை முறைத்துவிட்டு அடுத்த காகிதத்தைக் காட்டினாள்.

"இது மெட்ராஸ் மாமாவோட கார்டு. அதுலயே என் பேருக்கு இன்னொண்ணு எடுத்துத் தர்றேங்கறாரு. இந்தக் கடைசி இருக்குல்ல, இது நான் டெபாசிட் போட்ட பேங்க்கு. அந்தப் பணத்தப் பிடிச்சு வச்சுக்கிட்டு இருபதாயிரம் வரைக்கும் கார்டு தருவாங்களாம். ஆனா பாக்கவே நல்லால்ல மாஸ்டர். சாம்பல் கலரு."

"மூணையும் கொண்டுபோய் இடி."

"என்ன மாஸ்டர்?"

"இடிச்சிட்டேன்னு வச்சுக்க. வாங்கிட்ட, கட்ட முடியல. மொத கார்டுன்னா யாரு வருவா?"

வைரமணி யோசித்தாள். "அவங்க ஆளுங்க. வீட்டு வாசலுக்கு."

"ரெண்டாவது?"

"மாமா பேருதான் கெடும். அம்மாகூட அப்புறம் பேசமாட்டாரு."

"மூணாவது?"

"யாரும் வரமாட்டாங்க. என் பணந்தான் போகும்." குரல் இறங்கிவிட்டது.

மாஸ்டர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "சரி, வண்டிய எடு" என்றார். அவ்வளவுதான்.

சாம்பல் கலர் கார்டு வந்தது. அதில் பதினாலாயிரத்து ஐந்நூறுக்கு லேப்டாப்பும் வந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தோம். அன்றைக்கு எங்களுக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

முதல் பில் வந்தது. அதில் இரண்டு தொகைகள் இருந்தன. மேலே மொத்தத் தொகை. கீழே, குறைந்தபட்சம் கட்ட வேண்டியது எழுநூற்று இருபத்தைந்து. பக்கத்தில் கடைசித் தேதி. குழு வீட்டில் வளர்ந்த பெண்ணுக்கு ஒரு சீட்டில் தொகையும் தேதியும் இருந்தால் அது தவணைதான். நம்மைப் போன்றவர்களுக்காகத் தொகையைக் குறைத்துப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். பதினாலாயிரத்து ஐந்நூறை எழுநூற்று இருபத்தைந்தால் வகுத்தாள். சுளையாக இருபது வந்தது. நோட்டில் ஒன்று முதல் இருபது வரை கட்டம் போட்டாள்.

"இருபதாவது தவணை மே மாசம் முடியுதுடி. ஜூன்ல எம்.சி.ஏ." என்று என்னிடம் காட்டினாள். எனக்கும் அது ரொம்பச் சரியாகத்தான் பட்டது. பி.காம். படித்துக்கொண்டிருந்தவள் நான். அதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

நான்கு மாதம், தேதிக்கு இரண்டு நாள் முன்பே கட்டினாள். நான்கு கட்டத்தில் டிக் அடித்தாள். ஐந்தாவது பில் வந்தபோதுதான் மேலே இருந்த தொகையைப் படித்தாள்.

அந்த ஞாயிறு அவள் முகமே சரியில்லை. ஜங்ஷன் மேம்பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தோம். ஏற்றம் என்றாலே அவளுக்கு உதறல். வண்டி பின்னால் உருண்டுவிடும் என்ற பயம் கடைசிவரை போகவில்லை. பாதிப் பாலத்தில் பேச ஆரம்பித்தாள்.

"மாஸ்டர், ஒரு நாள்கூடத் தவறாம கட்டியிருக்கேன். நாலு மாசத்துல கிட்டத்தட்ட மூவாயிரம் போயிருக்கு. ஆனா பாக்கி இன்னும் பதினாலாயிரத்து நூறு நிக்குது. எப்படி மாஸ்டர்? ஏமாத்தறாங்களா?"

"நிறுத்து."

"இங்கயா? ஏத்தத்துலயா?"

"நிறுத்து. பிரேக்குல இருந்து கால எடு. ஹேண்ட் பிரேக்கும் வேணாம். முன்னால போகக் கூடாது, பின்னாலயும் போகக் கூடாது. ஹாஃப் கிளட்ச்ல நிறுத்து."

கிளட்சைப் பாதி விட்டு, ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்து வண்டியை அந்தரத்தில் நிறுத்துவது. அவளுக்கு அது அழகாக வரும். நிறுத்தினாள். வண்டி உறுமிக்கொண்டு அங்கேயே நின்றது.

மாஸ்டர் வெளியே வேடிக்கை பார்த்தார். ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம் ஆனது. பின்னால் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்தது. அதற்குப் பின்னால் ஒரு டவுன் பஸ் வந்து நின்றது.

"பின்னால உருண்டோமா?"

"இல்ல மாஸ்டர்."

"நல்லா ஓட்டற. எவ்வளவு தூரம் ஏறியிருக்கோம்?"

"ஏறலயே. நீங்கதான் நிக்கச் சொன்னீங்க."

"பெட்ரோலு?"

வைரமணி முள்ளைப் பார்த்தாள். "அது எரிஞ்சுக்கிட்டுதான் இருக்கு" என்றாள்.

தீய்ந்த வாடை வந்தது. முதலில் எனக்குத்தான் வந்தது போலிருக்கிறது, நான் ஜன்னல் கண்ணாடியை இறக்கினேன்.

"மாஸ்டர், கிளட்ச் பிளேட்டு கருகுது!" என்று வைரமணி கத்தினாள்.

"ஆமா. ஏன் கருகுது? நீ ஏதாச்சும் தப்பு பண்ணினியா?"

"இல்ல. சரியாத்தான் பிடிச்சிருக்கேன்."

"சரியாத்தான் பிடிச்சிருக்க. நாலு மாசமா."

வைரமணி ஸ்டீரிங்கைப் பார்த்தபடியே இருந்தாள். அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்தபோது கண் நிறைந்திருந்தது. இருபது கட்டமும் அப்போதுதான் அவளுக்குள் அழிந்திருக்க வேண்டும்.

"ஹேண்ட் பிரேக் போடு" என்றார் மாஸ்டர். போட்டாள். ஹாரன்கள் இன்னும் அதிகமாயின. மாஸ்டர் அவற்றைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. அவருடைய அந்த நிதானம் எனக்கு இந்த வயதிலும் வரவில்லை.

"நீ கட்டறதுல முக்கால்வாசி வட்டிக்கே எரியுது. அத எங்க குறைக்க முடியும்?" என்று கேட்டார். "இந்தக் கார்டுக்காரன் மாசம் நூத்துக்கு மூணரை ரூபாக்கு மேல பிடிக்கிறான். இதவிடக் கம்மி வட்டிக்கு யாரு தருவா உனக்கு?"

வைரமணிக்குத் தெரியும். எனக்கே தெரியும். குழுவில் நூற்றுக்கு ஒரு ரூபாய்தான்.

"அம்மாகிட்ட கேக்க முடியாது மாஸ்டர்."

"ஏன்?"

"தலைவி வீட்டுக்குக் கடன்னா சும்மா தரமாட்டாங்க. கூட்டத்துல எந்திரிச்சு நின்னு என்ன ஏதுன்னு சொல்லணும். தீர்மான நோட்டுல எல்லாரும் கையெழுத்துப் போடணும். ஒருத்தங்க மாட்டேன்னாலும் கிடையாது. தனக்கோடி மகளே ஏமாந்து நிக்கறான்னு எல்லாரும் பாப்பாங்க."

"டெபாசிட்ட உடைக்கிறியா?"

"உடைச்சா எம்.சி.ஏ. இல்ல."

ஆட்டோக்காரர் இறங்கிவந்து ஜன்னலில் குனிந்து ஏதோ திட்டினார். மாஸ்டர் அவரிடம், "கத்துக்கற பொண்ணுங்க அண்ணே, ஒரு நிமிஷம்" என்றார். பிறகு வைரமணி பக்கம் திரும்பினார்.

"கண்ணாடியில பாரு. நிக்கிறவளத்தான் எல்லாரும் பாத்துக்கிட்டிருக்காங்க. ஏறிப் போறவள யாரு நின்னு பாக்கப் போறா?"

வைரமணி முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தாள்.

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை, கல்லூரிக்கும் இல்லை. நான் தனியாக மாஸ்டரோடு போனேன். ஓட்ட நிறைய நேரம் கிடைத்தது, ஓட்டத்தான் மனசு வரவில்லை. மாஸ்டர் அவளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் இரண்டு முறையும் பத்து நிமிடம் தாமதித்துத்தான் வண்டியைக் கிளப்பச் சொன்னார்.

மூன்றாவது ஞாயிறு, நாங்கள் போவதற்கு முன்பே வைரமணி வந்து வண்டியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள். கழுத்து பழையபடி நிமிர்ந்திருந்தது.

"மாஸ்டர், நீங்க சொன்னது தப்பு."

"எது?"

"எல்லாரும் பாத்தாங்க."

மாஸ்டர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அம்மாகிட்ட சொல்லவே ஒரு வாரம் ஆச்சு. அது திட்டல. எனக்காக நான் பேசமாட்டேன், நீயே வந்து கூட்டத்துல சொல்லுன்னுடுச்சு. எந்திரிச்சு நின்னேன். மேல ஒரு நம்பரு, கீழ ஒரு நம்பரு இருந்துச்சு, நான் கீழ இருந்தத தவணைன்னு நினைச்சுக் கட்டினேன்னு சொன்னேன். அத்தனை பேரும் என்னயவே பாத்தாங்க மாஸ்டர். செத்துடலாம் போல இருந்துச்சு."

"பாத்துட்டு?"

"முனியம்மா அத்தைதான் மொதல்ல பேசுச்சு. நானா இருந்தாலும் அதத்தாண்டி கட்டியிருப்பேன்னுச்சு."

"அப்புறம்?"

"நோட்ட எடுத்தாங்க. பதினாறு பேரும் கையெழுத்துப் போட்டாங்க. அதுல ரெண்டு பேரு கைநாட்டு. மாசம் ஆயிரத்து ஐந்நூறு, பத்து மாசம். டியூஷன் காசுல கட்டிருவேன். கார்டுல இப்ப பாக்கியே இல்ல. மேல இருக்கற நம்பரத்தான் கட்டணும்னு கார்டு உறையில எழுதி ஒட்டிட்டேன். டெபாசிட்டு அப்படியே இருக்கு."

சொல்லி முடித்துவிட்டு அழுதாள். நானும் அழுதேன். எதற்கு என்று அப்போது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

மாஸ்டர் சாவியை அவள் கையில் வைத்தார். எங்களை அதுவரை 'டி' போட்டுக் கூப்பிட்டதே இல்லை.

"பதினாறு பேரு பின்னால நிக்கறாங்க. அவங்கள வச்சுக்கிட்டாடி உருண்டுடுவேன்னு பயந்த?"