மருதாயியின் நாற்காலி

கிழங்குக்குப் பஞ்சமில்லாத ஒரு காட்டில், பாறைப் பொந்து ஒன்றில், சடையன் என்ற முள்ளம்பன்றியும் அவன் மனைவி மருதாயியும் குடியிருந்தார்கள்.

சென்ற மழையில் மருதாயி வழுக்கி விழுந்தாள். அதிலிருந்து தரையில் உட்கார்ந்தால் அவளால் எழ முடியவில்லை. சாயங்காலம் பொந்து வாசலில் சேர்ந்து உட்கார்ந்து கிழங்கு தின்பது அவர்கள் வழக்கம். இப்போது அவள் உள்ளே படுத்தபடியே தின்றாள். வாசலில் தனியாக உட்கார்ந்த சடையன் பாதிக் கிழங்கை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான்.

அவன் தச்சு வேலை செய்யும் மரங்கொத்தியிடம் போனான்.

“ஒரு முக்காலி போதும் அண்ணே. நாளைக்கே தர்றேன்” என்றது மரங்கொத்தி.

பக்கத்தில் நின்ற மயில் கழுத்தைத் திருப்பியது. “பெண்டாட்டிக்கு முக்காலியா? என் வீட்டு நாற்காலியைப் பார்த்ததில்லையா நீ? முதுகு முழுக்கக் கொடி, நடுவிலே தாமரை.”

சடையனுக்கு வெட்கமாகிவிட்டது. “அதே மாதிரி செஞ்சிடுப்பா.”

“அண்ணே, உங்களுக்கு முள்ளு...”

“செய்யுப்பா.”

பதினைந்து நாளில் நாற்காலி வந்தது. மருதாயி தாமரையைத் தடவிப் பார்த்தாள். “எனக்கா?” என்று கேட்டு உட்கார்ந்தாள். இருவரும் சேர்ந்து கிழங்கு தின்றார்கள்.

மறுநாள் கூப்பிட்டபோது, “பசிக்கலைங்க” என்றாள். அதற்கு மறுநாளும் அதையே சொன்னாள்.

நாற்காலியைத் துடைக்கப் போன சடையன், தாமரை இதழ்களுக்குள் இரண்டு முட்கள் சிக்கியிருப்பதைக் கண்டான். தானே உட்கார்ந்து சாய்ந்து பார்த்தான். பிறகு எழ முடியவில்லை.

“மருதாயி, கொஞ்சம் வாயேன்.”

அவள் நொண்டிக்கொண்டு வந்து, ஒவ்வொரு முள்ளாக விடுவித்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை. “உங்களையும் பிடிச்சுக்கிச்சா?”

“ஏன் எங்கிட்டே சொல்லலை?”

“எனக்காக அத்தனை நாள் அலைஞ்சீங்களே.”

முள்ளம்பன்றிக்கு மரத்தையும் கொறிக்கும் பல் உண்டு, தெரியுமா? சடையன் அந்த அழகான முதுகை அடியோடு கொறித்துத் தள்ளினான். உட்காரும் பலகையும் நான்கு கால்களும் மிஞ்சின.

சாயங்காலம் அந்த வழியாக வந்த மயில் திடுக்கிட்டது. “தாமரை எங்கே?”

“உட்கார்ந்துதான் பாருங்களேன்” என்று மருதாயி மெல்ல எழுந்து இடம்விட்டாள். யார் கையும் பிடிக்காமல் எழுந்தாள்.

மயில் வேண்டாவெறுப்பாக உட்கார்ந்தது. எதிலும் இடிபடாமல், மடங்காமல், அதன் நீண்ட தோகை பின்னால் வழிந்து இறங்கியது. அது சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டது.

“எழுந்திருக்கிறீங்களா? நாங்க சாப்பிடணும்” என்றாள் மருதாயி.

“இன்னும் கொஞ்ச நேரம்” என்றது மயில்.

நீதி: இருக்கையின் அழகைச் சொல்ல வேண்டியது பார்ப்பவர் கண் அல்ல, உட்காருபவர் உடம்பு.