பாதிக் குதிரையில் பவனி

கடலோரத்தில் தலைநகர் கொண்ட ஒரு நாட்டை முற்காலத்தில் ஓர் அரசர் ஆண்டார். காலையில் மனத்தில் தோன்றியது மாலைக்குள் நடந்தாக வேண்டும் அவருக்கு.

ஒருநாள் பொக்கிஷ அதிகாரி நவநிதியார் அவர் காதில் ஓதினார்: "பிரபு, நம் மிளகு கிடங்கில் கிடந்து மக்குகிறது. அயல்நாட்டுத் தீனார் ஒன்றுக்கு ஐந்து பணம் கொடுக்கிறோம். இனிப் பத்துப் பணம் என்று அறிவித்துவிடுங்கள். அவர்களுக்கு நம் சரக்கெல்லாம் பாதி விலை. கப்பல்கள் வரிசையில் நிற்கும்!"

அப்படியே முரசறைந்தார்கள். அப்படியே கப்பல்களும் வந்தன. மிளகுத் தோட்டக்காரர்கள் மனைவிமாருக்குப் புதுச் சேலை எடுத்தார்கள். நவநிதியாரின் தலைப்பாகையில் ஓர் இறகு கூடியது.

ஆனால் செம்பும் கற்பூரமும் கப்பலில்தான் வந்தாக வேண்டும்.

"செப்புக் குடம் இருபது பணமா? போன மாசம் பத்துதானே ஐயா! உள்ளே தண்ணியும் சேர்த்தா தர்றீங்க?" என்று கடைவீதியில் பெண்கள் பிடித்த பிடியில் பாத்திரக்காரர் கடையையே சாத்திவிட்டார்.

அந்தச் சத்தம் அரண்மனைக்கு எட்டவில்லை. பிறந்தநாள் பவனிக்கு அரசர் அரபுக் குதிரை கேட்டபோதுதான் எட்டியது. நூறு தீனார்க் குதிரை. ஐந்நூறு பணமாக இருந்தது ஆயிரமாகியிருந்தது.

"என் பணத்துக்கு இவ்வளவுதானா மரியாதை?" என்று சீறினார் அரசர்.

நவநிதியாருக்கு வேர்த்தது. துடைத்துக்கொண்டே விகடகவி விடங்கரைப் பார்த்தார். விடங்கர் வீட்டார் மூன்று தலைமுறையாகப் பவனியின் முன்னே வெள்ளிப் பிரம்பு ஏந்தி நடப்பவர்கள். கெஞ்சி வாங்கிய உரிமையல்ல. வாக்குச் சுத்தத்தால் வந்தது. அதன்மேல் நவநிதியாருக்கு நெடுநாள் கண்.

"பிரபு, பேசத் தெரிந்தவர் போனால் பழைய விலைக்கே படியும். விடங்கரை அனுப்புங்கள். முடியாவிட்டால் அந்தப் பிரம்பு என் வீட்டுக்கு வரட்டும்."

"நல்லது. விடங்கரே, ஐந்நூறு பணத்துக்குக் கிடைக்கும் குதிரையை நாளைப் பவனிக்குக் கொண்டு வாரும். இல்லையேல் பிரம்பைக் கீழே வையும்."

"ஐந்நூறு பணத்துக்குக் கிடைப்பதைத்தானே, பிரபு?"

"அதைத்தான்!"

விடங்கரின் மனைவி செல்வநாயகி கொதித்துப் போனாள். "மாமனார் ஏந்தின பிரம்பு! அந்த இறகுத் தலையன் கையில அதைப் பார்த்தா நான் தெருவுல நடக்க மாட்டேன், ஆமா."

"நடக்க வேண்டாம். மாடியில நின்னு பாரு" என்று சொல்லிவிட்டு அவர் துறைமுகத்துக்குப் போனார்.

குதிரை வணிகர் அபூதாகிர் கையை விரித்தார். "பணத்தில உங்க ராஜா முகம் ரொம்ப அழகு, விடங்கரே. ஆனா எங்க ஊர்ல அதை மாத்தினா முன்னே கிடைச்சதில பாதிதான் தேறுது. ஆயிரத்துக்குக் குறையாது."

விடங்கர் அவர் காதில் ஏதோ சொன்னார். தலைப்பாகை நழுவும்படி சிரித்த அபூதாகிர், ஐந்நூறையும் வாங்கி மடியில் கட்டிக்கொண்டார்.

மறுநாள் அரண்மனை வாசலில் வெள்ளைக் குதிரை நின்றது. நவநிதியாரின் முகம் கறுத்தது. அரசர் ஏறி அமர்ந்தார். உடனே அபூதாகிரும் தாவி ஏறி, பின்னால் உட்கார்ந்து, அரசரின் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். காவலர் வாளை உருவினார்கள்.

"என்ன அடாத செயல் இது!" என்று அதட்டினார் அரசர்.

"பிரபு, ஐந்நூறு பணத்துக்குப் பாதிக் குதிரைதான் கிடைத்தது" என்றார் விடங்கர். "முன்பாதி தங்களுடையது. அவர் தம் பாதியில் அமர்ந்திருக்கிறார். வெட்டி வாங்கியிருக்கலாம், பவனி நின்றுவிடுமே என்று பார்த்தேன்."

"கொஞ்சம் முன்னால தள்ளி உக்காருங்க, ராஜா. எல்லை தாண்டுறீங்க" என்றார் அபூதாகிர்.

கூட்டத்திலிருந்து ஒரு பெண் கத்தினாள்: "எங்க குடமும் அப்படித்தான் பாதியாப் போச்சு, மகராசா!"

அரசர் முறைத்தார். பின்னாலிருந்த தாடி கழுத்தில் உரசியது. அவ்வளவுதான், குதிரை மிரளும்படி வாய்விட்டுச் சிரித்தார்.

"நவநிதியாரே! உம் மிளகு விற்கும்போது இனித்தது, வாங்கும்போதல்லவா உறைக்கிறது! இனித் தீனாரின் விலையில் கை வைக்குமுன் தோட்டக்காரரையும் கேட்பேன், குடம் வாங்கும் இந்தத் தாய்மாரையும் கேட்பேன். பின்பாதியின் விலையை உம் சொந்தப் பெட்டியிலிருந்து கொடும்."

பணம் கைமாறியது. அபூதாகிர் இறங்கினார்.

"விடங்கரே, ஏறும். பின்பாதி இனி உம்முடையது."

"மன்னிக்க வேண்டும், பிரபு. பவனியில் எங்கள் வீட்டார் பின்னால் வந்ததில்லை."

அரசர் மறுபடியும் சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டார். விடங்கர் வெள்ளிப் பிரம்பை உயர்த்திப் பிடித்து நிமிர்ந்து நடக்க, முழுக் குதிரையும் அவர் பின்னே வந்தது.