மில்லுக்குப் போன பிடி அரிசி

ஆற்றங்கரை மடத்துச் சாமிக்குக் கோபம் வராத நாள் கிடையாது. ஊரில் அவருக்கு வெடுக்குச் சாமி என்றே பேர். வாயைத் திறந்தால் வெடுக்கென்று ஏதாவது விழும். ஆனாலும் ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். அவரிடம் திட்டு வாங்கினால் ராத்திரி நல்ல தூக்கம் வரும் என்று ஒரு பேச்சு.

அந்தச் சாமியையே தலையில் கை வைக்கச் செய்தவர் ஒருவர் உண்டு. வையாபுரி. கடைவீதியில், எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருந்தவர். சாமியைவிட ஏழெட்டு வயது மூத்தவர். கல்யாணம் காட்சி ஒன்றும் இல்லை. ஒருநாள் காலையில் குளித்து விபூதி பூசிக்கொண்டு வந்து, சாமி முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

“சாமி, எனக்குக் காவி குடுக்கணும்.”

“எதுக்கு?”

“எல்லாப் பற்றும் விட்டுப்போச்சு சாமி. கடையைத் தம்பி மகன்கிட்ட குடுத்துட்டேன். இனிமே ஸ்பேனரைக் கையால தொடமாட்டேன்.”

“சரி, எழுந்திரு. முதுகு பிடிச்சுக்கப்போகுது.”

வையாபுரி எழுந்தார். அந்த நேரம் பார்த்து, இரண்டு தெரு தள்ளி இருந்த மாவு மில் ஓட ஆரம்பித்தது. அவர் தலை தானாக அந்தப் பக்கம் திரும்பியது.

“பெல்ட்டு லூசா ஓடுது,” என்றார். “இப்படியே ஓட்டினா மோட்டாரு வீணாப்போயிடும். சொன்னாக் கேட்டாத்தானே?”

“யாரு கேட்டாத்தானே?”

“யாருமில்ல சாமி.”

சாமிக்கு அப்போதே எரிச்சல் கிளம்பிவிட்டது. காவி கேட்டு வந்த மனுஷன், காதை மில்லில் விட்டுவிட்டு வந்திருக்கிறார்!

மில் யாருடையது என்று சாமிக்குத் தெரியாதா என்ன? நீலாவதியுடையது. நீலாவதியும் வையாபுரியும் ஒரே தெரு, ஒரே வகுப்பு. பள்ளிக்கூடம் போக இருவருக்கும் ஒரே சைக்கிள். பெரியவர்கள் பார்த்து நீலாவதியைத் தங்கராசுவுக்குக் கட்டிவைத்தார்கள். வையாபுரி அந்தக் கல்யாணத்தில் பந்தி பரிமாறினார். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தங்கராசு நல்ல மனுஷன்; வையாபுரிக்குக் கூட்டாளியாகவே ஆகிவிட்டார். மூன்று வருஷத்துக்கு முன்னால் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அதிலிருந்து நீலாவதி தனியாக மில்லை ஓட்டுகிறார்.

“இந்த மடத்து வழக்கம் தெரியுமா உனக்கு?” என்று கேட்டார் சாமி.

“சொல்லுங்க சாமி.”

“உன்னைத் தன் ஆளுன்னு நினைக்கிறவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் போகணும். ‘என்னை விட்டுடுங்க’ன்னு வாய்விட்டுக் கேக்கணும். விட்டவங்க உன் பையில ஒரு பிடி அரிசி போடுவாங்க. வர்ற பௌர்ணமிக்கு அந்த அரிசியை மொத்தமாக் கொட்டிப் பொங்கல் வைப்போம். அதுதான் நீ சாப்பிடற கடைசி வீட்டுச் சோறு. ஒரு ஆள் அரிசி குறைஞ்சாலும் நான் அடுப்புப் பத்தவைக்க மாட்டேன்.”

வையாபுரி மூலையில் கிடந்த ஒரு துணிப்பையை எடுத்து உதறினார்.

“மில்லுக்கும் போகணுமா சாமி?”

“நான் மில்லுன்னு சொன்னேனா?”

“இல்ல.”

“அப்புறம் அதை ஏன்யா என்கிட்ட கேக்குற? கிளம்பு!”

வையாபுரி துணிப்பையோடு கிளம்பினார். மறுநாள் மத்தியானம் பை நிறைந்து திரும்பி வந்தது. சாமி உள்ளே கையை விட்டார். விட்ட கையை வெளியே எடுத்துப் பார்த்தார். முழங்கை வரைக்கும் வெள்ளை.

“என்னய்யா இது?”

“அரிசி, சாமி.”

“இது அரிசியா?”

“போகும்போது அரிசியாத்தான் போச்சு.”

“என்ன ஆச்சுன்னு சொல்லித் தொலை.”

“தம்பி வீட்டுல போட்டாங்க. கடைவீதியில போட்டாங்க. கடைசியா மில்லு வாசல்ல போய் நின்னேன். நீலா வெளியில வந்துச்சு. பையைப் பாத்துச்சு. ‘அரைக்கணுமா’ன்னு கேட்டுச்சு.”

“நீ என்ன சொன்ன?”

“ஆமான்னு சொல்லிட்டேன்.”

சாமி கண்ணை மூடிக்கொண்டார்.

“‘கொழுக்கட்டைக்கா, புட்டுக்கா’ன்னு கேட்டுச்சு.”

“அதுக்கும் பதில் சொன்னியா?”

“கொழுக்கட்டைக்குன்னேன்.”

“அடப்பாவி! உன் தம்பி உன்னை விட்ட அரிசி, கடைக்காரன் விட்ட அரிசி, எல்லாம் ஒரே மாவாக் கிடக்கு. இதை வச்சு எப்படிய்யா பொங்கல் வைப்பேன்?”

“தெரியலையே சாமி.”

“மறுபடியும் போ. எல்லா வீட்டுக்கும்.”

மடத்தில் அன்றைக்குக் கொழுக்கட்டை. மறுநாளும் கொழுக்கட்டை. அதற்கு மறுநாள் சாமி பட்டினி கிடந்தார். விரதமா என்று யாரோ கேட்டதற்கு, வயிற்றுக்கு வெறுத்துப்போச்சு என்றார்.

வையாபுரி இரண்டாவது தடவை அலைந்தார். இந்தத் தடவை வீட்டுக்கு வீடு சிரிப்பாக இருந்தது. தம்பி சம்சாரம் ஒரு பிடிக்கு இரண்டு பிடியாக அள்ளிப் போட்டு, “மில்லுக்குப் போறப்ப பாத்துப் பேசுங்க மாமா,” என்றாள். வையாபுரிக்கு ஒன்றும் உறைக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

திரும்பி வந்தவர், மடத்து வாசலிலேயே நின்றுவிட்டார். பையிலிருந்து, அப்போதுதான் அரைத்த சூடு லேசாகக் கிளம்பியது.

“சொல்லாதே,” என்றார் சாமி. “புட்டுக்கா?”

“ஆமா சாமி.”

சாமி எழுந்து போய் ஒரு செம்பு தண்ணீர் குடித்தார். இன்னொரு செம்பை முகத்தில் அடித்துக்கொண்டார். பிறகுதான் வந்து உட்கார்ந்தார்.

“உனக்கு அங்க போனா என்னதான்யா ஆகுது?”

வையாபுரி மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

“தங்கராசு உக்காந்த நாற்காலி மில்லுல அப்படியே கிடக்கு சாமி. அவன் என் கூட்டாளி. என்னை நம்பி வீட்டுக்குள்ள விட்டவன். அந்த நாற்காலியைப் பாத்தா எனக்கு வாய் வரமாட்டேங்குது. ‘என்னை விட்டுடு’ன்னு கேக்கணும்னா, நீலா என்னைப் பிடிச்சு வச்சிருக்குன்னு ஆகும்ல? அப்படி ஒண்ணு இருந்து நான் கேட்டுட்டா? இல்லாம இருந்து நான் கேட்டுட்டா? ரெண்டுல எதுன்னு தெரிஞ்சுக்கவும் எனக்குப் பயமா இருக்கு. அதுக்கு மேல ஊரு வேற என்ன சொல்லும்?”

“ஊரு என்ன சொல்லுச்சு?”

“ஒண்ணும் சொல்லல.”

“நல்லா யோசிச்சுச் சொல்லு.”

“டீக்கடைக்காரன், ‘போன தடவை கொழுக்கட்டை ஆச்சு, இந்தத் தடவை புட்டுக்கு அரைக்கச் சொல்லுங்க’ன்னான். அவ்வளவுதான்.”

சாமி தலையில் அடித்துக்கொண்டார். அடித்த கையில் மாவு இருந்ததால் நெற்றி முழுக்க வெள்ளையாகிவிட்டது. விபூதி என்று நினைத்து வையாபுரி கும்பிட்டார்.

“சாமி, ஒண்ணு கேக்கட்டுமா? எனக்குப் பதிலா நீங்களே மில்லுக்குப் போய்…”

“காவி எனக்கா வேணும்? என்கிட்டதான் ஒண்ணுக்கு ரெண்டா இருக்கே!” சாமியின் குரல் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். “போய்யா! பௌர்ணமிக்குள்ள அரிசியை அரிசியாக் கொண்டு வா. இல்லைன்னா இந்தப் பக்கமே தலை காட்டாதே.”

பௌர்ணமியும் வந்தது.

காலையில் சாமி புதுக் காவித்துணியை நனைத்துக் கொடியில் காயப் போட்டிருந்தார். வையாபுரி மூன்றாவது தடவையாக ஊரைச் சுற்றிவிட்டு, பை நிறைய அரிசியோடு வந்திருந்தார். மில் ஒன்றுதான் பாக்கி. மடத்து வாசலில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போகவும் இல்லை, உள்ளே வரவும் இல்லை. சாமி இரண்டு தடவை வெளியே வந்து பார்த்தார். இரண்டு தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனார்.

ஓடிக்கொண்டிருந்த மில் சத்தம் திடீரென்று நின்றது. வையாபுரி காதைத் தீட்டித் தீட்டிப் பார்த்தார். ஒன்றும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் நீலாவதியே தெருமுனையில் திரும்பி வந்தார். தலையெல்லாம் மாவு. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகியிருந்தார். வந்த வேகத்தில் வையாபுரியைத் தாண்டி, நேராகச் சாமி முன்னால் போய் நின்றார்.

“சாமி, இந்த மனுஷன் என்கிட்ட கொண்டுவந்து குடுத்தது என்ன அரிசி?”

“அவனைக் கேளும்மா.”

“அது வாயைத் திறந்தா நான் ஏன் மில்லைப் பூட்டிட்டு வர்றேன்?” நீலாவதிக்கு மூச்சு வாங்கியது. “ரெண்டு தடவை என் கையாலேயே அரைச்சுக் குடுத்திருக்கேன். ஊரே இவனை விட்டுட்டு, விட்டதுக்கு அடையாளமாக் குடுத்த அரிசியாம். இவன் தம்பி சம்சாரம் இன்னிக்கு வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் என்னடான்னா, பாவம், தனிக்கட்டை, இவ்வளவு கொழுக்கட்டை திங்கறானேன்னு கவலைப்பட்டுக்கிட்டு இருந்தேன்!”

“தின்னது நாங்கம்மா,” என்றார் சாமி.

நீலாவதி வையாபுரி பக்கம் திரும்பினார்.

“என்கிட்ட கேளு.”

“நீலா, நான் வந்து…”

“வந்தும் வேணாம், போயும் வேணாம். ஊருக்கெல்லாம் பையை நீட்டினல்ல? எனக்கும் நீட்டு. கேளு.”

வையாபுரி எழுந்தார். பையின் வாயைப் பிரித்து நீட்டினார். நீட்டிய அவசரத்தில் கொஞ்சம் அரிசி கீழே சிந்தியது.

“என்னை விட்டுடு, நீலா.”

நீலாவதி முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே அரிசி இருந்தது. ஒரு பிடி அள்ளி, பைக்கு நேராக நீட்டினார். நீட்டிய கை நீட்டியபடியே நின்றது.

“போடும்மா,” என்றார் சாமி. “நீ போட்டாத்தான் நான் அடுப்பைப் பத்தவைக்கணும்.”

“போடத்தான் சாமி பாக்கறேன்.” நீலாவதியின் குரல் உடைந்தது. “விரல் பிரியமாட்டேங்குது.”

நீலாவதி மூடிய கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். கோபம் திரும்பவும் வந்துவிட்டது.

“எங்க வீட்டுக்காரரு போனப்ப அழ வேண்டியதெல்லாம் அழுதுட்டேன் சாமி. அவரை மறக்கல, மறக்கவும் மாட்டேன். ஆனா விடிஞ்சு மில்லைத் திறந்தா, இவன் சைக்கிள் வருதான்னுதான் என் காது போகுது. அந்த பெல்ட்டை மாத்த இந்த ஊருல வேற ஆளா இல்ல? அதைச் சாக்கு வச்சாவது இவன் வருவான்னுதான் விட்டு வச்சிருக்கேன். எனக்கு இவன் வேணும். போதுமா? இதைச் சொல்ல என்னை மடம் வரைக்கும் இழுத்துட்டானே!”

வையாபுரி பையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

“தங்கராசு நாற்காலி…” என்று ஆரம்பித்தார்.

“அதுல உன்னை உக்காருன்னு நான் சொன்னேனா? அது அவரு நாற்காலி, அது பாட்டுக்குக் கிடக்கும். வேற நாற்காலி இல்லையா என் வீட்டுல?”

வையாபுரியின் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. துடைக்கப் பார்த்தார், கையில் பை இருந்தது. நீலாவதியின் மூடிய கையைப் பார்த்தார். கொடியில் காய்ந்துகொண்டிருந்த துணியைப் பார்த்தார். கடைசியில், பழக்கதோஷம், சாமியைப் பார்த்தார்.

“சாமி, அரிசி விழலையே. இப்ப நான் என்ன பண்றது?”

சாமி பதில் சொல்லாமல் கொடிக்குப் போனார். அரைகுறையாகக் காய்ந்திருந்த காவியை உருவி, மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“பையை அங்க வை. இந்த மடத்துல சோறு கண்டு நாளாச்சு.”

வையாபுரி வைத்தார். ஆனால் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

“பெல்ட்டு லூசா ஓடுதுன்னு முதல் நாளே சொன்ன,” என்றார் சாமி. “இன்னும் இங்க என்னய்யா நிக்கிற?”